பேஸ் கிட்டார்: குறை ஓரிடம், செலவு வேறிடம்

பேஸ் கிட்டாரின் ஒலி பிடிக்கவில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பில். அடுத்தது ஆம்ப்ளிஃபயர். அதுவும் திருப்தி தராவிட்டால் கிட்டாரையே விற்றுவிட்டு வேறொன்று வாங்குகிறார்கள். குறையோ பெரும்பாலும் வளைந்து நிற்கும் நெக்கிலோ (கிட்டாரின் கழுத்து), உயிர் போன கம்பியிலோ, ஆம்பில் தேவையில்லாமல் திருகிவிட்ட ஒரு குமிழிலோ இருக்கும். ஒரு சிறிய சாவியும் கொஞ்சம் பொறுமையும் தீர்த்துவிடக்கூடிய சங்கடத்துக்குப் புது வாத்தியத்தின் விலையைக் கொடுக்கிறார்கள்.

வாங்கும்போது

நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கிவிடுவது முதல் தவறு. இது நின்றுகொண்டு, மணிக்கணக்கில் தோளில் சுமக்கும் வாத்தியம். பட்டையை மாட்டி எழுந்து நின்று, இடது கையை நெக்கிலிருந்து மெல்ல எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தால், வாசிப்பதோடு நெக்கைத் தாங்கும் வேலையும் அந்தக் கைக்கு வந்து சேரும். மணிக்கட்டு வலிக்கும்போது தன் பயிற்சி போதவில்லை என்று நொந்துகொள்பவர்கள் பலருக்கு உண்மையான எதிரி இந்தச் சரிவுதான். அகலமான, வழுக்காத பட்டை ஓரளவு உதவும். முழுக்கத் தீர்க்காது.

அடுத்தது அளவு. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் பிரெசிஷன் பேஸை வெளியிட்டபோது கம்பியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக வைத்தது. இன்றும் அதுவே பொது வழக்கம். 30 அங்குலத்தில் வரும் ஷார்ட் ஸ்கேல் பேஸைச் சிறுவர்களுக்கானது என்று ஒதுக்குகிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் அந்த அளவுதான். விரல் எட்டாமல் முதல் ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) திணறுகிறவர் கௌரவம் பார்க்காமல் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நெக்கின் அகலமும் ஆளுக்கு ஆள் பொருந்தும் விஷயம். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸின் நட் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டி) சுமார் 38 மில்லிமீட்டர். பிரெசிஷனுடையது அதைவிட அகலம். எண்ணாகப் படித்தால் அற்பமாகத் தெரியும், கையில் பிடித்தால் அப்படித் தெரியாது.

ஐந்து கம்பி வேண்டுமா? உங்கள் பாட்டுகள் கேட்டால் வாங்குங்கள். ஐந்தாவதாகச் சேரும் கீழ் பி கம்பியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். அதைத் தெளிவாகத் தருவது வாத்தியத்துக்கும் ஆம்புக்கும் சுலபமில்லை. அந்த ஒரு கம்பி மட்டும் தொளதொளவென்று, சுரம் புரியாமல் ஒலிக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஆக்டிவ் என்று எழுதியிருந்தால் உயர்ந்த ரகம் என்று பொருளல்ல. உள்ளே பேட்டரியில் ஓடும், சிக்னலைப் பெருக்கும் ஒரு சின்ன ப்ரீஆம்ப் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் கேபிளின் ஜாக் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் ஜாக்கைப் பிடுங்காமல் சுவரில் சாய்த்துவிட்டுப் போனால், நாளடைவில் ஒலி மெலிந்து, கரகரத்து, சிதைந்து வரும். பிக்கப் போய்விட்டது என்று பழுது பார்ப்பவரிடம் ஓடுவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். இன்னொரு பொய்யான பழுதும் உண்டு. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களும் ஒரே அளவில் திறந்திருந்தால் ஹம் எனும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஒன்றைக் குறைத்தால் ஹம் எட்டிப்பார்க்கும். அந்த வகைப் பிக்கப்பின் சுபாவம் அது. பொறுக்க முடியாதவர் 1957 முதல் பிரெசிஷனில் வரும், இரண்டாகப் பிரித்த பிக்கப்பை விரும்பக்கூடும்.

செட்டப்: வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு

கடையிலிருந்து வந்த கிட்டார் தயார் நிலையில் இருக்கும் என்று நம்புவதே இங்கே மூலத் தவறு. மரம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அசைந்துகொடுக்கும். தொழிற்சாலையில் சரியாக இருந்த நெக், வேறு தட்பவெப்பத்தில் சில வாரம் இருந்தால் அப்படியே இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வரிசை இதுதான்: நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தப்போகும் கம்பியை மாட்டி, சரியான சுருதிக்கு ஏற்றி, நெக்கின் வளைவைச் சரிசெய்து, பிறகு கம்பியின் உயரம், கடைசியாக இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சேர்வது. ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும் என்பதால் இடையில் புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

நெக்கின் வளைவைப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஓர் அளவுகோல். ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிய வேண்டும். 0.3 மில்லிமீட்டர் அளவு, ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு, நல்ல தொடக்கம். இடைவெளியே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்புறமாகவோ வளைந்திருக்கிறது. நெக்கினுள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை இடப்புறம் திருப்பித் தளர்த்த வேண்டும். இடைவெளி அதிகமென்றால் வலப்புறம் திருப்பி இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். சுருதியைத் திரும்பச் சேர்த்து, மரம் நிலைகொள்ள நேரம் கொடுத்துப் பாருங்கள். அங்குல அளவுச் சாவிக்குப் பதில் கையில் கிடைத்த மில்லிமீட்டர் சாவியை நுழைத்தால் மரையின் தலை மழுங்கிவிடும். பிறகு கால் சுற்று வேலை, நெக்கைக் கழற்றும் வேலையாகிவிடும். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

கம்பி உயரமாக இருக்கிறது என்பதற்காக ட்ரஸ் ராடை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ராடின் வேலை நெக்கின் வளைவோடு முடிந்தது. உயரத்தை மாற்ற, உடல் பக்கம் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில், கம்பியைத் தாங்கும் சேடில் இருக்கிறது. 12ஆவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கி, உங்கள் விரலின் வேகத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். ஓங்கி மீட்டுகிறவருக்குத் தாழ்ந்த கம்பி ஒத்துவராது.

உரசல் எங்கே வருகிறது என்பதைக் கேட்டாலே காரணம் பாதி தெரிந்துவிடும். முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் மட்டும் உரசினால் நெக் மிக நேராக இருக்கிறது. மேல்பக்க ஃப்ரெட்களில் என்றால் கம்பி தாழ்ந்திருக்கிறது. ஒரே ஓரிடத்தில் என்றால் அங்கே ஒரு ஃப்ரெட் எழும்பியிருக்கலாம். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் என்றால் நட்டைப் பாருங்கள். ஆம்பில் செருகாமல் கேட்கும் சிறு உரசல், ஆம்பு வழியே கேட்காவிட்டால் அதைத் துரத்த வேண்டாம்.

இன்டொனேஷனுக்கு, 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அதே இடத்தில் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். பழைய கம்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண் உழைப்பு. தேய்ந்து அழுக்கேறிய கம்பி சீராக அதிராது.

கம்பி மாற்றும்போது நீளத்தை முதலில் வெட்டிவிட்டுச் சுற்றுவது பலரின் பழக்கம். சுருதி ஏற்றும் திருகாணியில் நுழைத்து, கூர்மையாக மடித்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிச்சுற்று நழுவி, புத்தம் புதுக் கம்பி செத்ததுபோல் ஒலிக்கும். மாட்டியபின் சேடிலுக்கும் நட்டுக்கும் அருகே கட்டைவிரலால் லேசாக அழுத்தி, கம்பி அங்கே வளைந்து தொங்காமல் நேராக இறங்கச் செய்யுங்கள். வேறு தடிமனுக்கோ, வெளிச்சுற்று தட்டையான ஃப்ளாட்வவுண்டுக்கோ மாறினால் இழுவிசை மாறும், செட்டப்பும் திரும்பச் செய்தாக வேண்டும். புதுக் கம்பிதான் நல்ல ஒலி என்பதும் சட்டமில்லை. அமெரிக்காவின் மோடவுன் நிறுவன இசைப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றாதவர் என்று பெயர் வாங்கியவர்.

ஆம்ப்: வாட்ஸைத் துரத்தாதீர்கள்

வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். இருமடங்கு உரத்துக் கேட்கிறது என்று காது சொல்ல ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். 300 வாட்ஸை விற்று 500 வாங்குகிறவர் ஏமாறுவது இதனால்தான். ஸ்பீக்கர் கேபினெட்டின் உணர்திறன் (ஒரே சக்திக்கு அது தரும் ஒலி) 3 டெசிபல் கூடுதலாக இருந்தால், அதே ஆம்ப் இருமடங்கு வாட்ஸ் பெற்றதற்குச் சமம். இதைக் கேட்டு வாங்குபவர் குறைவு.

ஸ்பீக்கரின் மின்தடையான ஓம் கணக்கில் தவறினால் கைப்பொருளே போகும். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம், பல ஆம்புகள் இதைத் தாங்காது. 500 வாட்ஸ் என்று முகப்பில் எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓமுக்கு. 8 ஓம் ஒன்றை மட்டும் இணைத்தால் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கவே கூடாது. ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளையும் பயன்படுத்தாதீர்கள். முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது, சூடேறும்.

இப்போது நான் விடாப்பிடியாக நிற்கும் இடம்: நடு அதிர்வெண்கள். தனியறையில் ஆம்பின் முன் உட்கார்ந்தால் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை இறக்கத்தான் கை போகும். தனியாகக் கேட்க அது அபாரமாக இருக்கும். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தவுடன் பேஸ் காணாமல் போகும்; வாசிப்பவர் ஒலியைக் கூட்டுவார், அறை அதிருமே தவிர என்ன சுரம் என்று ஒருவருக்கும் தெரியாது. திறந்த ஈ கம்பியின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ். பல கேபினெட்களில் அந்த ஆழம் ஏற்கெனவே மங்கிவிடுகிறது. அடிப்படையின் மடங்குகளாக மேலே இருக்கும் ஹார்மோனிக்குகளைக் கொண்டுதான் காது சுரத்தைக் கண்டுபிடிக்கிறது. அவை குடியிருக்கும் இடத்தைத்தான் இவர் வெட்டிவிட்டார். போதாததற்கு, பேஸ் குமிழில் 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர் பொருமுவதற்கு அதுவே காரணம்.

எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, இசைக்குழுவோடு வாசித்துக்கொண்டே 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த ஒலியாக இருக்கும். கவலைப்படாதீர்கள்; தனியாகக் கேட்கப்போவது உங்களைத் தவிர வேறு யாருமில்லை.

ஆம்பை வைக்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. சுவர் மூலை தாழ்ந்த அதிர்வுகளை ஊதிப் பெருக்கும். ஈ சுரத்தின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல்; நிற்கும் இடம் மாறினால் அறைக்குள் கேட்பதும் மாறும். தரையில் வைத்த ஆம்ப் உங்கள் முழங்காலுக்குப் பாடுகிறது. சாய்த்தோ உயர்த்தியோ வையுங்கள், பாதிப் பேருக்கு ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையே வராது. மிக்ஸருக்கு டிஐ (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இணைப்பு) வழியே அனுப்பும்போது, ஆம்பின் ஈக்யூவுக்கு (பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள்) முந்தைய சிக்னலைத் தேர்ந்தெடுத்தால் மேடையில் நீங்கள் எதைத் திருகினாலும் அரங்கில் கேட்பது கலையாது.

மிக்ஸரில் இணைத்ததும் ஹம் வருகிறதா? டிஐயில் இருக்கும், சிக்னலின் தரை இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். மின்பிளக்கின் எர்த் முனையை உடைத்தோ டேப் சுற்றியோ ஹம்மை அடக்குகிறவர்களைப் பார்த்தால், அந்த மேடையில் செருகாதீர்கள். ஆம்பில் ஒரு பழுது வந்தால் மின்சாரம் கிட்டார் கம்பி வழியே விரலுக்கும், உதடு மைக்கைத் தொடும்போது உடலுக்கும் பாயும்.