முதல் ட்ரெக்கிங்கில் பெண்கள் செய்யும் உடைத் தவறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் முதல்முறை ட்ரெக்கிங் போகும் பெண்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், மூச்சு வாங்கித்தான் உட்கார்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். குதிகாலில் கொப்புளம், தொடையிடுக்கில் உரிந்த தோல், தோளில் பட்டை அழுத்திய தடம், நனைந்த துணியால் வந்த நடுக்கம் என்று ஏதோ ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் வேர் இரண்டு: உரசல், ஈரம். உங்களுக்குப் பிடித்த நிறம், பிடித்த தையல் எதுவானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்குமா, எங்கே உரசும் என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வையும் மழையும் ஏறினால் கனக்கும், முட்டியை மடக்க விடாது, மலைக்குளிரில் அன்று முழுக்கக் காயாது. மெல்லிய லெக்கின்ஸும் சரிப்படாது. முள்ளில் ஒரே இழுப்பில் கிழியும், அதன் வழியாகவே அட்டை கடிக்கும். தொளதொளப்பில்லாத, சீக்கிரம் காயும் டிராக் பேண்ட் போதும். சுடிதார்தான் வசதி என்பவர்கள் தாராளமாகப் போடலாம். டாப் தொடையோடு நிற்கட்டும், இரண்டு பக்கமும் ஸ்லிட் இருக்கட்டும், துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும்.

மேலே போடும் காட்டன் டி-ஷர்ட்டிலும் இதே சிக்கல்தான். ஏறும்போது குளுகுளுவென்று இருக்கும். உச்சியில் காற்று அடிக்கும்போது முதுகோடு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி அடிக்கும் நேரத்தில், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால் சீக்கிரம் காயும் டி-ஷர்ட் ஒன்று, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. ஸ்வெட்டரை நடக்கும்போது போடாமல், நின்றதும் போடுங்கள்.

உள்ளாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவதி அதிகம் அங்கேதான். கம்பி வைத்த பிராவும் முதுகு ஹூக்கும் பைக்கு அடியில் அழுந்தி, 2 மணி நேரத்தில் தோலைக் கன்றிப்போக வைக்கும். அகலப் பட்டை வைத்த, ஹூக் இல்லாத ஸ்போர்ட்ஸ் பிரா போடுங்கள். தொடைகள் உரசும் உடம்பு என்றால், கிளம்பும் முன்பே உள்தொடையில் வாசலின் தடவிவிடுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு தடவினால் அதிகம் உதவாது.

ஷூ விஷயத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, புது ஷூவை மலையில்தான் முதல்முதலாகப் போடுவது. குறைந்தது 2 வாரம் கடைக்கும் மாடிப்படிக்கும் அதைப் போட்டு நடந்து பழக்குங்கள். இரண்டு, அளவு. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ட்ரெக்கிங் சாக்ஸையே போட்டுக்கொண்டு வாங்குங்கள். விரல் முன்னால் முட்டும்படி காலைத் தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால், இறங்கும்போது நகம் முன்சுவரில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். நகத்தை 2 நாள் முன்னதாகவே நேராக வெட்டிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டால் கால் முன்னால் சறுக்காது.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: மெட்டி. ஷூவுக்குள் வீங்கிய விரல்களுக்கிடையே அது அழுந்தி, பக்கத்து விரலை அறுக்கும். கழற்ற மனமில்லை என்றால் மெட்டியைச் சுற்றி மைக்ரோபோர் டேப் இரண்டு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். கொலுசைக் கழற்றித்தான் ஆக வேண்டும்; ஷூ விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். மோதிரமும் அப்படித்தான். கையைத் தொங்கவிட்டு நடந்தால் விரல் வீங்கும், பிறகு கழற்ற வராது. நடக்கும்போது குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தால் அது கொப்புளத்தின் தொடக்கம். அப்போதே உட்கார்ந்து, துடைத்து, டேப் ஒட்டுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற சங்கடத்தில் 10 நிமிடம் தள்ளிப்போட்டால் நீர் கோத்துவிடும்.

பையின் எடை தோளுக்குரியதல்ல. இடுப்புப் பட்டை வயிற்றில் இருக்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோளில் மாட்டும் பட்டை, கடைசியாக நெஞ்சுப் பட்டை. ஒரு நாள் நடைக்கு 20 லிட்டர் பை தாராளம். 55 கிலோ எடையுள்ளவர் 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில் முதுகை ஒட்டி இருக்கட்டும்.

ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம். தலைவலி, தசைப்பிடிப்பு, ஊருக்கு வந்தபின் நீர்க்கடுப்பு. மணிக்கு அரை லிட்டர் கணக்கு வைத்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். ஒதுங்க வேண்டுமென்றால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். யானை நடமாடும் காட்டில் தனியாகப் புதருக்குள் நுழையக் கூடாது. பயன்படுத்திய நாப்கினைப் புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுக்கும். செய்தித்தாளில் சுற்றி, ஜிப் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். தேதி தள்ளி இருந்தாலும் 2 நாப்கின் பையில் இருக்கட்டும், அலைச்சலில் முன்னதாகவே வருவதுண்டு.

மழைக்காலத்தில் வால்பாறை பக்கம் போகிறவர்கள் முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸை, டிராக் பேண்ட்டை உள்ளே விட்டுக் கட்டுங்கள். கடித்துவிட்டால் உப்போ தீயோ வைக்காதீர்கள்; அட்டை கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும், புண்ணாகலாம். அதன் மெல்லிய முனைதான் வாய். அங்கே தோலை ஒட்டி நகத்தை நுழைத்து வழித்துவிடுங்கள், பிறகு பருத்த முனையையும் எடுத்துவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் வெகுநேரம் கசியும். கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கும், பயம் வேண்டாம். சென்ட் அடிப்பது, மல்லிகை வைப்பது இரண்டும் வேண்டாம். வாசனைக்குத் தேனீக்கள் வரலாம்.

கோடைக் காட்டுத்தீயிலிருந்து எந்த உடையும் காப்பாற்றாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீக்கிரம் காயும் செயற்கை இழைத் துணி, தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடிவைப்பது சும்மா இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வண்டியில் ஒரு ஜோடி செருப்பும் மாற்றுத்துணியும் வைத்துவிட்டுப் போங்கள், இறங்கியதும் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். நனைந்த ஷூவை வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் நனைய நனைய மாற்றுங்கள்.