லொக்கைத் திறந்து போனைக் கொடுத்த பிறகு சட்டத்தரணியைத் தேடாதீர்கள்: பொலிஸ் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு இளைஞனை மறித்துப் பொலிஸார் போனைக் கேட்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பயத்தில் லொக் திறபடுகிறது, போன் கைமாறுகிறது, திரையில் விரல் ஓடத் தொடங்குகிறது. வீட்டார் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஓடி வந்து சட்டத்தரணியைப் பிடிப்பது அதற்குப் பிறகு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையம் போகும் தகப்பன்மாரும், முதல் தடவை அந்தப் படியேறும் கனிஷ்ட சட்டத்தரணிகளும் இதே பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். 1234 என்று பின் நம்பர் வைக்கக் கூடாது, பொலிஸாரோடு கைகலக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்களும் விடும் பிழைகளைப் பார்ப்போம்.

வேறு நாட்டுச் சட்டத்தை வைத்து வாதாடுவது

"வாரண்ட் இல்லாமல் என் போனைத் தொட முடியாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அது சரி. கைதானவரின் போனுக்குள் பார்க்கப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். இரண்டும் கொழும்பில் செல்லாது.

எங்கள் 1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை என்று தனி உறுப்புரை இல்லை. 2015இல் சேர்த்த, தகவல் பெறும் உரிமை பற்றிய 14அ உறுப்புரையில் அந்தச் சொல் வருகிறது. அங்கேயும் அது தகவல் தர மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகத்தான் நிற்கிறது. ஆகவே இங்கு சண்டை பிடிக்க வேண்டிய இடம் வேறு: சட்டத்தின் சமமான பாதுகாப்பைச் சொல்லும் 12(1), சட்ட நடைமுறைப்படியே கைது செய்ய வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்னும் 13(1).

எனவே முதலில் கேட்க வேண்டியவை வேறு. "என்னைக் கைது செய்கிறீர்களா? என்ன குற்றத்துக்கு?" பதில் எதுவானாலும் நேரத்தோடு மனதில் பதியுங்கள். பிறகு சட்டத்தரணி கட்டுகிற எல்லாமே அந்தப் பதிலின் மேல்தான்.

லொக்கைத் திறந்து கையில் கொடுப்பது

எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத பிழை இது. "என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை, பார்க்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே செய்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று போனின் சொந்தக்காரருக்கே முழுதாகத் தெரியாது என்பதுதான் உண்மை.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா குடும்பக் குழுவில் நவம்பர் 27, மாவீரர் நாளன்று ஒரு படம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்கும்படி விட்டிருந்தால், நீங்கள் அந்தக் குழுவைத் திறந்தே பார்க்காவிட்டாலும் படம் உங்கள் கெலரியில் கிடக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத அலுவலர் ஒருவர் கெலரியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவருக்குத் தெரிவது படம் மட்டுமே. யார் அனுப்பியது, நீங்கள் பார்த்தீர்களா என்ற கேள்விகள் அந்த இடத்தில் எழுவதில்லை. இன்றைக்கே வட்ஸ்அப் செட்டிங்ஸில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்துங்கள். கெலரியில் சேமிக்கும் தெரிவையும் அணைத்துவிடுங்கள்.

சட்டப் பக்கத்தைப் பாருங்கள். கைதான ஒருவரைச் சோதித்து, உடுத்த உடுப்பு தவிர்ந்த பொருள்களைப் பாதுகாப்பில் எடுத்து வைக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 29ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டம் 1979இல் எழுதப்பட்டது. அதில் போன் ஒரு பொருள், பர்ஸ் மாதிரி, மணிக்கூடு மாதிரி. பொருளை எடுத்து வைக்கலாம் என்பதற்கும், அதற்குள் இருக்கும் பத்து வருடக் கடிதப் போக்குவரத்தை வாசிக்கலாம் என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. உங்கள் சட்டத்தரணி நின்று வாதாடக்கூடிய நிலம் அந்த இடைவெளிதான். நீங்களே திறந்து கொடுத்த நிமிடம் அது மூடுகிறது. "அவராகவே விரும்பித் தந்தார்" என்ற ஒரு வரி போதும்.

பிறகு சரி செய்யலாம் என்றும் நம்ப வேண்டாம். முறைகேடாக எடுத்த சாட்சியம் என்பதற்காக மட்டுமே இலங்கை நீதிமன்றங்கள் அதைத் தானாகத் தள்ளிவிடுவதில்லை. விடயத்துக்குப் பொருந்துகிறதா என்றே முதலில் பார்ப்பார்கள். வெளியே வந்த படத்தைத் திரும்ப உள்ளே தள்ள வழியில்லை.

அலுவலர் கையால் தட்டிப் பார்ப்பது சாட்சியத்தையும் கெடுக்கிறது. முறையான பரிசோதனையில் போனை வலையமைப்பிலிருந்து பிரித்து, உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு ஒரு ஹேஷ் பெறுமதி கணிப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஷா-256 முறையில் அது 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட கோவை. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் கோவை முழுதும் வேறாகிவிடும். வீதியோரத்தில் விரலால் தள்ளிப் பார்த்தால், வாசிக்காத செய்தி வாசித்ததாக மாறும், நீல அடையாளம் விழும், புதிய செய்திகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். உங்களைக் காப்பாற்றக்கூடிய 'நான் இதைத் திறக்கவே இல்லை' என்ற தடயம் அப்போதே அழிந்துபோகிறது.

கணினிக் குற்றச் சட்டம் (2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கம்) இதை விளங்கித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழான விசாரணையில், போதிய அறிவும் திறனும் உள்ளவர் என்று பொலிஸ் மா அதிபர் எழுத்தில் சான்றளித்த அலுவலர் மட்டுமே கணினியை அணுகலாம் என்கிறது 21ஆம் பிரிவு. இன்றைய கைபேசி கணினி இல்லை என்று யாரும் வாதாட முடியாது. அதனால், கணினிக் குற்றம் என்று சொல்லிப் போனைக் கேட்டால் அந்தச் சான்றை மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் அதே சட்டம் விசாரணைக்கு உதவ வேண்டிய கடமையையும் விதிக்கிறது, மறுப்பது அங்கே தனிக் குற்றம். ஆகவே எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள் என்று தெரியாமல் "தரமாட்டேன்" என்று சொல்வதும் பிழை, "இந்தாங்கோ" என்று நீட்டுவதும் பிழை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "போனை எடுப்பதை நான் தடுக்கவில்லை. லொக்கைத் திறப்பது பற்றி என் சட்டத்தரணியோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்." சிங்களத்தில்: "மட்ட லோயர் கெனெக் எக்க கதா கரன்ன ஓன." குரலை உயர்த்தாமல், இரண்டு தடவை, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி முன்னிலையாவதற்கு 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகள் இருக்கின்றன. கனிஷ்ட சட்டத்தரணிகள் அதன் பிரதியொன்றைக் கோப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பிழையின் வால் வாக்குமூலத்தில் இருக்கிறது. கொழும்பில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். அதில் 'ஸ்வகெமெத்தென்' என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். 'சுயவிருப்பத்தோடு' என்று பொருள். போனை வாங்கி எடுத்தார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் நீங்களே கையளித்ததாக மாறிவிடும். பதிவு செய்த வாக்குமூலத்தைக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும், அல்லது உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். விளக்கவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு சொல்வது அது. தமிழில் வாசித்துக் காட்டாவிட்டால், "எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை" என்று தமிழில் எழுதி அதற்குக் கீழே கையெழுத்து வையுங்கள்.

விரலும் முகமும்

பின் நம்பரை நினைவிலிருந்து எடுக்க உங்கள் வாய் திறக்க வேண்டும். விரலுக்கும் முகத்துக்கும் அது தேவையில்லை. பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டால் வாசலுக்கு முன்னமே போனை அணைத்துவிடுங்கள். மீண்டும் ஒன் செய்து முதல் தடவை பின் நம்பர் போடும் வரை உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி குறியாக்கத்திலேயே கிடக்கும், விரலடையாளமும் வேலை செய்யாது. ஐபோனில் பக்க பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து, அணைக்கும் திரை வரும்வரை அழுத்தினால் முகப்பூட்டு நின்றுவிடும். பல அன்ட்ரொயிட் போன்களில் பவர் மெனுவில் லொக்டவுன் என்று ஒரு தெரிவு உண்டு. பின் நம்பருக்கு நான்கு இலக்கம் வேண்டாம், குறைந்தது ஆறு இலக்கம் வையுங்கள். இதெல்லாம் முன்கூட்டியே செய்ய வேண்டியவை. சோதனைச் சாவடியில் அலுவலருக்கு முன்னால் பைக்குள் திடீரென்று கை விடக் கூடாது.

சிம்முக்கும் பின் போடுங்கள். இல்லாவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, வட்ஸ்அப் அனுப்பும் குறியீட்டை எடுத்துவிடலாம். வட்ஸ்அப்பின் இரட்டைப் படி உறுதிப்படுத்தலையும் கூடவே போடுங்கள்.

பொலிஸ் வருகிறது என்று கேட்டு அழிப்பது

வேண்டாம். சாட்சியத்தை மறைத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவில் தனிக் குற்றம், இல்லாத வழக்கொன்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பி வருவது

போனைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தால், எந்தப் போன், எந்த நிலையில், எத்தனை மணிக்குப் போனது என்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை. கணினிக் குற்றச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எடுத்த பொருள்கள், தரவுகள் எல்லாவற்றுக்கும் திகதியும் நேரமும் கொண்ட முழுப் பட்டியலை உரியவருக்குத் தர வேண்டும் என்கிறது. வேறு சட்டத்தில் எடுத்தாலும் அதே அளவில் கேளுங்கள்: மொடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் தனி அடையாள எண்), சிம் எண்கள், மெமரி கார்ட் இருந்ததா, போன் ஒன்னா ஓஃபா, லொக் போட்டிருந்ததா, நேரம், அலுவலரின் இலக்கம். பட்டியலில் 'லொக் போட்ட நிலையில்' என்ற சொற்கள் இருந்தால், பிற்பாடு திறந்து பார்த்திருந்தால் யார் திறந்தது என்ற கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும்.

ஐ.எம்.இ.ஐ. 15 இலக்கம், *#06# அழுத்தினால் வரும். இரட்டை சிம் போனுக்கு இரண்டு எண். இரண்டையும் இன்றே தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், போன் போன பிறகு போனில் தேட முடியாது. சீட்டுத் தரவே இல்லையென்றால், அதே நாள் வீட்டுக்கு வந்ததும் இந்த விபரங்களோடு பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பொலிஸார் விசாரணை பற்றி நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பி அறிக்கையின் பிரதியை எடுத்து, போன் அதில் வழக்குப் பொருளாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். குறிக்காவிட்டால் அதை முதல் தவணையிலேயே நீதவானிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் தவணையில் சொன்னால் ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்பார்கள்.

பெண்களின் போன்

பெண்ணின் உடலைச் சோதிப்பதென்றால் பெண் அலுவலரே சோதிக்க வேண்டும். போனுக்குச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் கேளுங்கள், கேட்டதைப் பதியச் சொல்லுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மறப்பது

மேலே சொன்ன பல, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வந்தால் சுருங்கிப்போகும். அதன் 6ஆம் பிரிவில், பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரோ, அவர் எழுத்தில் அதிகாரமளித்த உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாத ஒருவரோ பிடியாணையின்றிக் கைது செய்யலாம், சோதிக்கலாம், எந்த ஆவணத்தையும் பொருளையும் எடுக்கலாம். அந்த எழுத்தைக் காட்டச் சொல்லலாம். வழமையான வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தது 16ஆம் பிரிவின் கீழ் ஏற்கப்படலாம். வீட்டார் உடனே 1996க்கு அழைத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் பதிய வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை அதிகாரிகளுக்கு உண்டு.

மாதக்கணக்கில் காத்திருப்பது

உயர் நீதிமன்றத்தில் (சுப்ரீம் கோர்ட்) அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான். பொலிஸ் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று இருந்தால் அந்த மாதம் ஓடிவிடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. பணம் இல்லையென்றால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

திரும்பி வந்த போனை அப்படியே பாவிப்பது

ஒரு நிமிடம் கைமாறினாலும் போதும், வட்ஸ்அப்பை வேறு கணினியில் இணைத்துவிடலாம். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள், தெரியாத ஒன்று இருந்தால் முதலில் திகதியோடு திரையைப் படமெடுத்துவிட்டுப் பிறகு அகற்றுங்கள். கூகுள் கணக்கிலும் அதே மாதிரி. பின் நம்பரையும் கணக்குகளின் பாஸ்வேர்டுகளையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் சட்டத்தரணி சொல்லும் வரை போனை ரீசெட் செய்ய வேண்டாம். நீங்கள் திறக்காத செய்தியை யார், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று காட்ட மிச்சமிருக்கும் தடயம் அதற்குள்தான் இருக்கும்.