கதிர்வீச்சுச் சிகிச்சைக் காலத்தில் கிரீன் டீ: எப்போது, எப்படி, எவ்வளவு

ஊர்ப்பேச்சில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக ஏற்காட்டிலிருந்தும் ஆத்தூர், ஓமலூர், மேட்டூர்ப் பக்கங்களிலிருந்தும் சேலத்துக்கு வந்துபோகும் குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கி மருந்துக்கடையில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, கிரீன் டீ குடித்தால் கதிரின் பாதிப்பு குறையுமா என்பது. இந்தக் கேள்வி வெறும் விளம்பரத்தால் எழுந்ததன்று. அதற்கு ஆய்வகத்தில் ஓர் அடிப்படை உண்டு. ஆனால் ஆய்வகத்தில் கண்டதை வீட்டில் அப்படியே செய்துவிட முடியாது. எனவே அந்த அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறேன்.

கதிர் ஒரு செல்லின் வழியே பாயும்போது அதன் டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்குகிறது. செல்லுக்குள் இருக்கும் நீரைப் பிளந்து, ஹைட்ராக்சில் போன்ற ஃப்ரீ ராடிக்கல்களை, அதாவது அருகில் உள்ளதோடு உடனே வினைபுரியும் மூலக்கூறுகளை உண்டாக்கி, அவற்றின் வழியாகவும் தாக்குகிறது. எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவற்றால் ஏற்படும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டாவது வழியில்தான் நிகழ்கிறது. கதிர் படாத செல்லுக்கு ஒன்றும் நேராது என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1992-இல் நாகசாவா, லிட்டில் என்னும் இரு ஆய்வாளர்கள், வெள்ளெலி இனம் ஒன்றின் சூலகச் செல்கள் மீது மிகச் சிறிய அளவில் ஆல்ஃபா கதிரைச் செலுத்தினார்கள். நூற்றில் ஒரு செல்லின் உட்கருவைக்கூடக் கதிர் கடந்திராத நிலையில், நூற்றுக்கு முப்பது செல்களின் குரோமோசோம்களில் மாற்றம் தென்பட்டது. 1997-இல் மதர்சில், சேமூர் இருவரும், கதிர் பட்ட செல்கள் வளர்ந்த திரவத்தை வடித்தெடுத்துக் கதிரே படாத செல்களின் மீது ஊற்றினார்கள். அவற்றிலும் ஒரு பகுதி பெருகும் திறனை இழந்தது. கதிர் பட்ட செல், அடுத்த செல்லோடு தன்னை இணைக்கும் நுண்ணிய குழாய்களின் வழியாகவும், சுற்றியுள்ள திரவத்தில் கலக்கும் நைட்ரிக் ஆக்சைடு, அழற்சிப் புரதங்கள் முதலியவற்றின் வழியாகவும் ஏதோவொரு செய்தியை அனுப்புகிறது என்பது இப்போது நன்கு நிலைபெற்ற முடிவு. இதை அண்டைச் செல் விளைவு என்று சொல்லலாம்.

அந்தச் செய்தியில் ஆக்சிஜன் சார்ந்த வேகமான மூலக்கூறுகளுக்குப் பங்கு உண்டு என்பதால், அவற்றை அடக்கும் பொருள்கள்மீது ஆய்வாளர்களின் கவனம் சென்றது இயல்பே. பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டச்சின்கள் என்னும் வேதிப்பொருள்கள், அவற்றுள்ளும் முதன்மையான இ.ஜி.சி.ஜி., அத்தகைய ஆன்டிஆக்சிடன்ட் பொருள்கள்.

இனி கிரீன் டீ பற்றி எந்தப் பத்திரிகைச் செய்தியைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, சோதனை எதில் நடந்தது, எந்த அளவில் நடந்தது என்பதை. ஆய்வகத் தட்டில் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) வரை இ.ஜி.சி.ஜி. சேர்க்கிறார்கள், ஒன்றிரண்டு கோப்பை கிரீன் டீ குடித்தவரின் இரத்தத்திலோ அது பொதுவாக 1 மைக்ரோமோலாரைக்கூட எட்டுவதில்லை, ஏனெனில் குடலில் உறிஞ்சப்படுவது மிகச் சிறிய பங்கு, அதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் உடனே மாற்றிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. செல் வளர்க்கும் திரவத்தில் இ.ஜி.சி.ஜி. தானாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. ஆக, தட்டில் கண்ட விளைவு தேயிலையால் வந்ததா, அந்தப் பெராக்சைடால் வந்ததா என்பதைத் தனியே பிரித்துக் காட்டாத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்றை நோயாளியின் வீட்டார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல மருத்துவர் நம்பியிருப்பதும் அதே ஃப்ரீ ராடிக்கல்களைத்தான். கட்டியின் உள்ளே கதிர் குறைவாகப் பட்ட செல்களை மடியச் செய்வதில் அண்டைச் செல் விளைவுக்கும் பங்கு இருக்கக்கூடும். நல்ல செல்லைக் காக்கும் பொருள் கெட்ட செல்லையும் காத்துவிட்டால் என்ன செய்வது? இது வெறும் கற்பனை அச்சமன்று. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்புவது கூடுதலாக இருக்கும் போக்கும் தென்பட்டது. அந்த மாத்திரைகள் தேயிலையல்ல என்றாலும், சிகிச்சை நாள்களில் ஆன்டிஆக்சிடன்ட்டைச் செறிவாக உடலில் ஏற்றுவது குறித்து நாம் எச்சரிக்கையாக இருக்க இந்த ஓர் ஆய்வே போதும்.

ஆகவே முதல் விதி: சிகிச்சை முடியும்வரை கிரீன் டீ மாத்திரை, கேப்சூல், பொடிச்சாறு எதுவும் வேண்டாம். டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். ‘பச்சைத் தேயிலைச் சாறு 500 மி.கி., இ.ஜி.சி.ஜி. 50 சதவீதம்’ என்று அச்சிட்டிருந்தால் ஒரு கேப்சூலில் 250 மி.கி. இ.ஜி.சி.ஜி. இருக்கிறது என்று பொருள். நாளைக்கு மூன்று போட்டால் 750 மி.கி. ஆகிவிடும். இத்தகைய மாத்திரைகளின் வழியாக நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி. எடுத்தவர்களுக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எடுத்துக் காட்டியது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ஆபத்து இன்னும் கூடும். உடல் எடையைக் குறைக்கும் பொடிகளிலும் இதே சாறு கலந்திருப்பதால் அவற்றையும் புரட்டிப் பாருங்கள்.

கோப்பையில் குடிப்பது வேறு. மருத்துவர் தடை சொல்லவில்லையென்றால் நாளொன்றுக்கு ஒரு கோப்பை, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மருந்தாக நினைக்காமல் பானமாகவே நினைக்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை என் கணிப்பு இது. குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் இ.ஜி.சி.ஜி. இரத்தத்தில் உச்சத்தை எட்டி, அதன்பின் சில மணி நேரங்களில் பாதியாகி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. எனவே கதிர் வைப்பதற்கு முன் காலையில் குடிப்பதைத் தவிர்த்துவிட்டு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பி ஏதேனும் சாப்பிட்ட பிறகு குடிப்பதே நல்லது. வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள்களே சிகிச்சை நடப்பதால், சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குடிப்பது அதைவிடவும் எளிய ஏற்பாடு.

இனி தயாரிக்கும் முறை. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் விளைவது பெரும்பாலும் காப்பியும் மிளகும்தான்; நமக்குக் கிடைக்கும் பச்சைத் தேயிலை நீலகிரியிலிருந்து வருகிறது. பையில் அடைத்த தூளைவிட முழு இலை நல்லது. தட்டையாக ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 2 கிராம் இலைக்கு 200 மி.லி. தண்ணீர் போதும்.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். சேலத்தில் பல வீடுகளின் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அதில் கிரீன் டீ போட்டால் சிறிது நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதக்கும், கோப்பையின் உள்விளிம்பில் பழுப்பு வளையம் படியும், இளம்பச்சையாக இருக்க வேண்டிய நிறமும் மங்கிப் பழுப்பாகும். காரத்தன்மையுள்ள நீரில் கேட்டச்சின்கள் விரைவாகச் சிதைவதும் இதில் சேரும். ஆகவே மேட்டூர்த் தண்ணீர் கிடைக்கும் வீட்டில் அதையும், இல்லாதவர்கள் வடிகட்டிய தண்ணீர் அல்லது கேன் தண்ணீரையும் பயன்படுத்துங்கள்.

கொதிக்கக் கொதிக்க இலையில் ஊற்றினால் கசப்பு ஏறும், கேட்டச்சின்களும் உருமாறும். 80 டிகிரி செல்சியஸ் போதுமானது. வெப்பமானி இல்லாத வீட்டில், சேலத்தில் என்றால் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து ஏறத்தாழ ஐந்து நிமிடம் விடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், காற்றும் குளிர்ந்திருக்கும். அங்கே மூன்று நான்கு நிமிடம் பொறுத்தால் போதும். இலையைப் போட்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பால் சேர்த்தால் அதன் புரதம் கேட்டச்சின்களைப் பிடித்துக்கொள்ளும், பால் வேண்டாம். சில துளி எலுமிச்சை கேட்டச்சின்களைச் சிதையாமல் காக்கும் என்றாலும், வாயிலோ தொண்டையிலோ கதிர்ப்புண் உள்ளவர்களுக்கு அது எரிச்சலைத் தரும். அவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியுள்ளது. எல்லோருமே சூட்டைத் தணித்துத்தான் குடிக்க வேண்டும், புண் உள்ளவர்கள் வெதுவெதுப்பாக மட்டும். காலையில் போட்டதை ஃப்ளாஸ்க்கில் வைத்து மாலைவரை குடிப்பதும் வேண்டாம்.

மற்ற மருந்துகளோடு மோதுவதையும் பார்க்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், ஏனெனில் தேயிலை இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்களிடம் கதிர்வீச்சின் பலன் குறைவாக இருப்பதும் காணப்பட்டுள்ளது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், இரத்த அழுத்தத்துக்கான நாடோலால் ஆகியவற்றை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் போர்டிசோமிப் என்ற மருந்தோடு இ.ஜி.சி.ஜி. நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதை 2009-இல் வெளியான ஆய்வக, எலிச் சோதனைகள் காட்டின. அந்த மருந்து பெறுபவர்கள் கிரீன் டீயை முற்றிலும் விலக்க வேண்டும்.

இதுவரை மனிதர்களிடம் ஓரளவு நம்பிக்கையூட்டும் பலன் கிடைத்திருப்பது, குடிப்பதில் அல்ல, தோலில் தெளிப்பதில். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களின் தோலில் இ.ஜி.சி.ஜி. கரைசலைத் தெளித்துச் சீனாவில் நடந்த சோதனையில், நடுத்தரம் அல்லது அதற்கு மேற்பட்ட தோல் அழற்சி வெறும் கரைசல் பெற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்பட்டது. அது கிருமிகளை நீக்கி, அளவு குறித்து, மருத்துவர் மேற்பார்வையில் தயாரித்த கரைசல். வீட்டில் ஆறிய டீயைப் பஞ்சில் நனைத்துக் கதிர் பட்ட தோலில் ஒற்றுவது தொற்றுக்கு வழிவகுக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மருத்துவமனையில் மருந்துப் பட்டியலைக் கேட்கும்போது கிரீன் டீ, நெல்லிப்பொடி, மஞ்சள் மாத்திரை என்று வீட்டில் எடுப்பதையெல்லாம் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். சிறுநீர் கருமஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் உடம்பெல்லாம் அரித்தாலோ டீயையும் கூடுதல் மாத்திரைகளையும் அன்றே நிறுத்திவிட்டு, அடுத்த முறை வரும் நாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.