பள்ளிப் பத்திரிகை நடத்தும் மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர் பத்திரிகைக் குழுக்களுக்கு வழிகாட்டி வருகிறேன். ஆண்டுதோறும் புதுக் குழு வரும், பழைய தவறுகளையே செய்யும். எழுத்துப்பிழை, தலைப்புக் குளறுபடி எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், விடுங்கள்.

பிரின்சிபால் வாயால் சொன்னதும் கட்டுரையை எடுத்துவிடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு பள்ளியில், கேன்டீனின் சுகாதாரச் சோதனை அறிக்கையைத் தேடிப் பிடித்து நல்ல கட்டுரை எழுதியிருந்தார்கள். வராண்டாவில் எதிர்ப்பட்ட பிரின்சிபால், "இது இப்போது வேண்டாமே" என்றார். அன்று மாலையே கோப்பை அழித்துவிட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் விசாரித்தால், "நான் தடுக்கவே இல்லை, அவர்களாகத்தான் எடுத்தார்கள்" என்கிறார் அவர். இதற்கு மேல் எதை வைத்து வாதாடுவது?

காரணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளியின் பெயரில் வரும் பத்திரிகையில் கைவைக்க அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1988 ஹேசல்வுட் தீர்ப்பு நிர்வாகத்துக்கு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் கல்வி சார்ந்த நியாயமான காரணம் வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மிச்சிகனில், பள்ளிப் பேருந்துப் புகை தொடர்பான வழக்கைப் பற்றி ஒரு மாணவி எழுதியதைத் தடுத்த யூட்டிகா பள்ளி நிர்வாகம், 2004இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றது. அந்தப் பத்திரிகையில் நிர்வாகம் வழக்கமாகத் தலையிட்டதில்லை என்பதும் மாணவிக்குக் கைகொடுத்தது.

ஆகவே அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நீங்கள் சொன்னதற்கான காரணத்தை எழுத்தில் தர முடியுமா?" பணிவாகவே கேளுங்கள். எழுதித் தா என்றதும் பின்வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டூடண்ட் பிரஸ் லா சென்டர் 1974 முதல் இருக்கிறது, மாணவர்களுக்கு இலவசமாகவே சட்ட உதவி செய்கிறது. அவர்களிடம் போகும்போது இந்த மின்னஞ்சல் கையில் இருக்கட்டும்.

எதற்கெடுத்தாலும் டிங்கர்

1969 டிங்கர் வழக்கு, வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த மாணவர்களுடையது. பள்ளிக்குள்ளும் மாணவர்களுக்குப் பேச்சுரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நீங்கள் சொந்தமாக அச்சடித்த துண்டறிக்கைக்கு அது பொருந்தும். பள்ளி நடத்தும் பத்திரிகை என்றால் ஹேசல்வுட்தான்.

மாநிலச் சட்டத்தைப் பார்க்காதது

கலிஃபோர்னியாவில் 1977 முதல், நியூ ஜெர்சியில் 2021 முதல், ஹேசல்வுட் தருவதைவிடக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. உங்கள் மாநிலத்தில் என்ன என்று முதல் இதழுக்கு முன்பே பாருங்கள்.

தனியார் பள்ளியில் முதல் திருத்தம் பேசுவது

பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் தரும் அந்த அரசியலமைப்புத் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். பள்ளிக் கையேட்டைப் புரட்டுங்கள்.

இணையத்தில் அகப்பட்ட படம்

போடாதீர்கள்.

ஃபெர்பா என்றதும் நடுங்குவது

ஃபெர்பா (FERPA) என்ற கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம் பள்ளி வைத்திருக்கும் மாணவர் பதிவேடுகளுக்கானது. நீங்களே நாலு பேரிடம் பேசித் திரட்டிய தகவலை அது தொடாது.