மெயின் சுவிட்சை அணைத்தாலும் அடங்காதவை: பழைய ரோபோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் ஓடிய ஆறு அச்சு (ஆறு மூட்டுகளில் சுழலும்) ரோபோவில், அதை இயக்கும் கணினியான கன்ட்ரோலர் போடும் கணக்குக்குக் கட்டுப்படாத பாகங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அச்சு எல்லை தாண்டியதும் அச்சுகளைச் சுழற்றும் சர்வோ மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டிக்கும் லிமிட் சுவிட்ச். மற்றது, கையை முன்னும் பின்னும் சாய்க்கும் இரண்டாம் அச்சின் பாரத்தை ஸ்பிரிங் அல்லது வாயுவின் விசையால் பகிர்ந்துகொள்ளும் கவுண்டர்பேலன்ஸ் (பேலன்சர்). கன்ட்ரோலரின் கணக்கு தவறினாலும் முன்னது வேலை செய்யும். கன்ட்ரோலரையே அணைத்துவிட்டாலும் பின்னது வேலை செய்துகொண்டே இருக்கும். இதை மறந்துவிட்டுப் பழுதுபார்க்கப் போவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

"சாஃப்ட்வேர் லிமிட் இருக்கிறதே, சுவிட்ச் எதற்கு?" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கலாம். சாஃப்ட்வேர் லிமிட் என்பது, அச்சின் கோணத்தை அளக்கும் என்கோடர் சொல்லும் கணக்கை நம்பி நிற்கும் ஓர் எண், அவ்வளவுதான். என்கோடரின் பேட்டரி தீர்ந்து பூஜ்ஜியப் புள்ளி தொலைந்து, அதைக் கண்மதிப்பில் 10 டிகிரி தள்ளி மீண்டும் பதிந்துவிட்டால், சாஃப்ட்வேர் லிமிட்டும் அதே 10 டிகிரி தள்ளிப் போய்விடும். பெண்டன்டில் (கையில் பிடித்து ரோபோவை இயக்கும் பலகையில்) எண்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வார்ப்பிரும்பு உடலில் போல்ட் போட்டு இறுக்கிய சுவிட்ச் மட்டுமே அப்போது உண்மையான இடத்தில் இருக்கும்.

அப்படிப்பட்ட சுவிட்சைத்தான் ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், வந்து வந்து மறையும் எல்லை மீறல் அலாரம். கை ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் அலாரம் அடிக்கிறது, எல்லையோ வெகு தூரத்தில் இருக்கிறது என்றால், சுவிட்சைவிட வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கையோடு சேர்ந்து வளைந்து வளைந்து, மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மின்சாரத்தை அணைத்து, பேனலில் அந்தச் சுற்றின் இரு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டரை மாட்டுங்கள். கேபிள் கட்டு வளையும் இடத்தைக் கையால் மெல்ல அசையுங்கள். அளவு தாவினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பேனலுக்குள் போட்ட ஷார்ட் வயர் யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். போட்டவர் வேலை மாறிப் போயிருப்பார்.

சுவிட்ச் உண்மையாகவே அழுந்தியிருந்தால், அலாரத்தைத் தற்காலிகமாக விடுவித்து அச்சை வெளியே கொண்டுவர வேண்டும். இங்கே பிளஸ், மைனஸ் திசை குழம்பி, வெளியே வர வேண்டிய அச்சை, அதற்கு மேல் நகரவிடாத தடுப்புக் கட்டையான ஸ்டாப்பரில் கொண்டுபோய் மோதவிடுபவர்கள் உண்டு. பல பழைய மாடல்களில் எல்லா அச்சுகளின் சுவிட்சுகளும் ஒரே தொடரில் இணைந்திருப்பதால், எந்த அச்சு மாட்டியிருக்கிறது என்பதை அலாரம் சொல்லாது. நேரில் போய் எந்தச் சுவிட்சின் உருளை அழுந்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் நகர்த்துங்கள்.

மாற்றுச் சுவிட்ச் வாங்கும்போது அளவு பொருந்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக மூடியிருந்து அழுத்தினால் திறக்கும் தொடர்பு வேண்டும். அப்போதுதான் வயர் அறுந்தாலும் ரோபோ நிற்கும். தொடர்பு முனைகள் ஒட்டிக்கொண்டாலும் தள்ளிப் பிரிக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட அடையாளம் அதன் மீது இருக்கும். சுவிட்சை அழுத்தும் மேடான துண்டான கேமை நகர்த்துபவர்கள் ஒரு சிறு கணக்கும் போட வேண்டும். நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் வரும் அச்சு 0.3 நொடியில் சீராக வேகம் குறைந்து நின்றால், அதற்குள் 15 டிகிரி கடந்திருக்கும். கேமுக்கும் ஸ்டாப்பருக்கும் இடையே 5 டிகிரி மட்டும் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருமுறை பலமாக மோதிய ஸ்டாப்பரையும் நசுங்கிய ரப்பரையும் மாற்றிவிடுங்கள். பூஜ்ஜியப் புள்ளியையும் சரிபாருங்கள்.

இனி கவுண்டர்பேலன்ஸ். உயிருக்கே ஆபத்து இங்கேதான். பெரும்பாலான ரோபோக்களில் பிரேக் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் அச்சின் மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கும் கூடவே போய்விடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. யோசிப்பவர்களும் "கை கீழே விழும்" என்று மட்டுமே எண்ணி, கிரேனில் பட்டை போட்டுத் தொங்கவிடுகிறார்கள். பொருளைப் பிடிக்கும் கிரிப்பரை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் நேர்மாறாகவும் நடக்கலாம். பேலன்சர் கிரிப்பரோடு சேர்த்துத் தாங்குவதற்கான விசையைக் கொண்டது. எடை போனதும் மிஞ்சிய விசை கையை மேல்நோக்கித் தூக்கியடிக்கலாம். கிரேன் பட்டை விழுவதைத் தடுக்கும், எழுவதைத் தடுக்காது. தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் பூட்டு முளையையோ தாங்கியையோ பொருத்தி, இரு திசையிலும் கை நகராது என்று உறுதிசெய்த பிறகே மோட்டார் போல்ட்டில் கை வைக்க வேண்டும். மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டாயிற்று என்ற நிம்மதி இங்கே செல்லாது.

ஸ்பிரிங் பேலன்சரின் உருளையைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். விசை குறைவாக உள்ள நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தப்பட்டே இருக்கும். வாயு வகையில் நைட்ரஜன் மட்டுமே நிரப்ப வேண்டும். கையருகே கம்பிரஸர் காற்று இருக்கிறது என்று அதை ஏற்றினால், உயர் அழுத்தத்தில் எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்து வெடிக்கலாம். அழுத்தத்தைப் படிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கையேடு சொல்லும் நிலையில் கையை நிறுத்தி, வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸிலிருந்து 40க்கு ஏறினாலே அழுத்தம் சுமார் 7 சதவீதம் கூடும். ஓடிச் சூடான ரோபோவில் அளந்துவிட்டு "வாயு போதும்" என்று போய்விடுவது வீண்.

பேலன்சர் தளர்ந்தால் அடி வாங்குவது மோட்டார். இரண்டாம் அச்சில் ஓவர்லோடு அலாரம் வருகிறது, மோட்டார் சுடுகிறது, உடனே மோட்டாரை மாற்றுகிறார்கள், புதியதும் சுடுகிறது. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே கோணத்தை மெதுவாக, ஒரே வேகத்தில், ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் கடக்கவிட்டு, இரு மின்னோட்டங்களையும் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதுங்கள். இரண்டின் சராசரி, மோட்டார் சுமக்கும் எடைச் சமனின்மையைக் காட்டும். வித்தியாசத்தில் பாதி, உராய்வைக் காட்டும். பழைய பதிவோடு ஒப்பிட்டால் சராசரி நகர்ந்திருக்கிறதா, பேலன்சரைப் பாருங்கள். வித்தியாசம் பெருத்திருக்கிறதா, கியர்பாக்ஸையோ பேரிங்கையோ பாருங்கள். ஒப்பிடுவதற்கு ஏற்ற பதிவை ரோபோ நன்றாக ஓடும் நாளிலேயே, அதே கிரிப்பரோடு எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் மீது வீண்பழி விழுவதும் உண்டு. கை சாயும்போது முனகல் சத்தம் வந்தால், பேலன்சரின் இரு முனைகளிலும் உள்ள பின்னைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸ் காணாத பேரிங்கின் அடையாளம் அது. பேலன்சரையே மாற்றும் நிலை வந்தால், உருவம் ஒன்றுபோல் இருக்கிறதே என்று வேறு சுமைத்திறன் கொண்ட மாடலிலிருந்து கழற்றி மாட்டாதீர்கள். ஓட்டைகள் பொருந்தும், ஸ்பிரிங்கின் வலு பொருந்தாது.