'சைக்கோ' எப்படி வரவேற்கப்பட்டது என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் திரைக்கு வந்தது. விமர்சகர்கள் ஒருவர்கூட அதை மதிக்கவில்லை, மக்கள்தாம் அதைத் தூக்கிப் பிடித்தார்கள், பின்னர் விமர்சகர்கள் வெட்கப்பட்டுக் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்றொரு கதை, கை மாறிக் கை மாறி, இன்று வரலாறு போலவே நிலைத்துவிட்டது. இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்காருபவர் முதலில் செய்யும் தவறு, இந்தக் கதையைச் சரிபார்க்காமல் அப்படியே எடுத்தாள்வதுதான்.

'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பாஸ்லி க்ரவ்தர், படம் வெளியான மறுநாளே எழுதிய விமர்சனத்தில், இது குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் என்றும், மெல்ல மெல்லக் கட்டி எழுப்பித் திடீரென அதிரவைக்கும் உத்தி பழைய பாணியைச் சேர்ந்தது என்றும், முடிவு சப்பென்று போய்விட்டது என்றும் குறைகூறினார். அதே க்ரவ்தர் அந்த ஆண்டின் தலைசிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் 'சைக்கோ'வைச் சேர்த்தார். இதை வைத்து அவரை எள்ளி நகையாடுவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு விமர்சகர் ஆறே மாதத்தில் தம் கணிப்பைத் திருத்திக்கொண்டதை இழுக்காகக் கருத வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது: இறுதிக் காட்சியில் மனநல மருத்துவர் நீளமாக விளக்கம் சொல்வது படத்தின் பலவீனம் என்று எழுதுவோர், முடிவு பற்றிய அதிருப்தியே பிற்காலத்துக் கண்டுபிடிப்பு என நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அதிருப்தி முதல் வாரத்திலேயே அச்சில் வந்துவிட்டது.

மறுபக்கம், ஆண்ட்ரூ சாரிஸ் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் எழுதிய முதல் திரை விமர்சனமே 1960 ஆகஸ்டில் வெளிவந்த 'சைக்கோ' விமர்சனம்தான். அமெரிக்காவில் அன்று படமெடுத்துக்கொண்டிருந்தவர்களில் மிகத் துணிச்சலான சோதனைக் கலைஞர் ஹிட்ச்காக் என்று அவர் எழுதினார். அதைப் படித்துக் கோபப்பட்டவர்கள் அந்த இதழின் வாசகர்கள். விமர்சகர் புகழ, வாசகர் வெகுண்டார் என்ற இந்த நிகழ்ச்சியை வழக்கமான கதைக்குள் எங்கே பொருத்துவது?

இரண்டாவது தவறு, அன்று படம் பார்க்கப்பட்ட சூழலை மறந்துவிட்டுக் கருத்துகளை மட்டும் மேற்கோள் காட்டுவது. விமர்சகர்களுக்கென்று தனிக் காட்சி நடத்த ஹிட்ச்காக் அனுமதிக்கவில்லை. அவர்களும் பொதுமக்களோடு வரிசையில் நின்று, அலறலுக்கு நடுவே உட்கார்ந்துதான் படத்தைப் பார்க்க நேர்ந்தது. இந்த ஏற்பாடு அவர்களில் சிலரை எரிச்சலூட்டியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. ஆயினும் ஊகத்தை ஊகமென்றே எழுத வேண்டும்.

படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற விதியையும் வெறும் விளம்பரத் தந்திரம் என்று சொல்லிக் கடந்துவிடக்கூடாது. அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளில் காட்சிகள் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடின. படத்தின் நடுவில் நுழைந்து உட்கார்ந்து, அடுத்த காட்சியில் தாம் வந்த இடம் வந்ததும் எழுந்து போவது மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. 'சைக்கோ'வில் பெயர்பெற்ற நட்சத்திரமான ஜேனட் லீ, 109 நிமிடப் படத்தின் முதல் பாதி முடிவதற்குள்ளேயே குளியலறையில் கொல்லப்படுகிறார். தாமதமாக வருபவர் அவர் எப்போது வருவார் என்று கடைசிவரை காத்துக்கொண்டிருந்திருப்பார். ஆகவே அந்த விதி விளம்பரமாகவும் இருந்தது, கதையின் தேவையாகவும் இருந்தது. பார்வையாளர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே அதிர்ச்சிக்கு ஆளானதற்கும், அரங்கு முழுவதும் ஒன்றாக அலறியதற்கும் அதில் பங்குண்டு. குளியலறையில் என்ன நடக்கப்போகிறது என்பதை முன்பே அறிந்த நாம், வீட்டில் தனியாக, நடுவே நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, 'இதற்கா இவ்வளவு பயந்தார்கள்' என்று கேட்பது பொருந்தாத கேள்வி.

காலத்தால் முன்பின் வந்தவற்றைக் காரணமும் விளைவுமாக முடிச்சுப் போடுவது மூன்றாவது தவறு. கொலைகாரன் ஒருவனை மையமாகக் கொண்ட மைக்கேல் பாவெலின் 'பீப்பிங் டாம்' படம் அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் வெளியாகி, பிரிட்டிஷ் விமர்சகர்களிடம் கடும் வசை வாங்கியது; அந்த இயக்குநரின் வாழ்க்கையையே அது பாதித்தது. அதைக் கண்டு அஞ்சித்தான் ஹிட்ச்காக் விமர்சகர் காட்சியைத் தவிர்த்தார் என்று சிலர் உறுதியாக எழுதுகிறார்கள். ரகசியத்தைக் காப்பதே அதற்குப் போதுமான காரணமாக இருந்திருக்கலாம். பிரிட்டனின் 'அப்சர்வர்' இதழின் திரை விமர்சகர் சி. ஏ. லெஜூன் கதையும் இதைப் போன்றதே. 1928 முதல் அவ்விதழில் எழுதிவந்த அவர் 1960இல் விலகினார். 'சைக்கோ'வை முடிவுவரை பார்க்காமல் அவர் எழுந்து சென்றதும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. முப்பதாண்டுக்கு மேல் எழுதிய ஒருவர் ஒரே படத்தால் பேனாவை வைத்துவிட்டார் என்று சொல்வது கேட்கச் சுவையாக இருப்பதாலேயே அதைச் சற்று ஐயத்தோடு அணுக வேண்டும்.

ஹிட்ச்காக்கின் சொல்லையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் தவறுதான். இந்தப் படத்தை ஒரு வேடிக்கை என்று அவர் பேட்டிகளில் சொல்லிவந்தார். இளைஞரான ராபின் வுட் இதைப் பற்றி ஆழ்ந்த கட்டுரையொன்றை எழுதி 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழுக்கு அனுப்பியபோது, படம் வேடிக்கையாக எடுக்கப்பட்டது என்பதை அவர் புரிந்துகொள்ளவில்லை என்று காரணம் காட்டி ஆசிரியர் திருப்பியனுப்பினார். அக்கட்டுரை பிரான்சின் 'காயே து சினிமா' திரைப்பட இதழில் வெளியானது. ஹிட்ச்காக் பற்றிய வுட்டின் புத்தகம் 1965இல் வந்தது. ஆனால் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடனான உரையாடலில் அதே ஹிட்ச்காக், கருத்தோ நடிப்போ அல்லாமல் திரைக்கலை மட்டுமே மக்களை உலுக்கியது தமக்கு மனநிறைவு தந்ததாகச் சொன்னார். ஒரே மனிதர் இரண்டையும் சொன்னார் என்பதால், ஒன்றை மட்டும் எடுத்து வைப்பது நேர்மையாகாது.

ஆஸ்கர் குழு படத்தைப் புறக்கணித்தது என்பதும் பாதி உண்மையே. இயக்கம், துணை நடிகை, கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு, கலை இயக்கம் என நான்கு பிரிவுகளில் பரிந்துரை கிடைத்தது, ஒன்றும் வெல்லவில்லை. பெர்னார்ட் ஹெர்மனின் இசை பரிந்துரைக்கப்படவே இல்லை என்பதுதான் உண்மையில் வியப்புக்குரியது. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று முதலில் எண்ணியிருந்த ஹிட்ச்காக், ஹெர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். இன்று பலருக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வருவதே அந்த வயலின் கீச்சொலியால்தான்.

அந்தக் காட்சியைப் பற்றி எழுதும்போது, கத்தி உடலில் ஒருமுறைகூடப் படவில்லை என்ற வாசகத்தையும் பலர் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். படத்தை நிறுத்திப் பார்த்தால், ஒரு நொடிக்கும் குறைவான நேரம், கத்தியின் முனை வயிற்றின்மேல் நிற்பது தெரியும்.