காரைத் தாழ்த்தியதும் அலைன்மென்ட்டுக்கு ஓடாதீர்கள்

காயிலோவரில் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) காலர் என்ற வளையத்தைத் திருகி காரைத் தாழ்த்திய அன்றே வீல் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். சில நாள் ஊருக்குள் ஓட்டுங்கள். சக்கர மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பாடி பாகம்) விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து வாருங்கள். அளவு மாறாமல் நின்ற பிறகு போகலாம். புது ஸ்பிரிங் ஓட ஓடத்தான் படியும். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) இரண்டும் நகர்ந்துவிடும், செய்த அலைன்மென்ட் வீண். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றுகூட கணக்கைக் கெடுக்கும். (சேலத்து வேகத்தடைகளுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறக்குவதே பேராசை, அது வேறு விஷயம்.)

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் காத்திருக்க வேண்டாம், உடனே செய்துவிடுங்கள். ஏற்காடு ஏறுவதாக இருந்தாலும் அப்படித்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கோணல் சக்கரத்தோடு விளையாட்டு வேண்டாம்.